ஜாஸ் கேட்கக் 'காது பத்தாது' என்பது உண்மையா?

நீங்கள் கேட்டது இது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கும் நண்பரோடு அவிநாசி ரோட்டில் அடிக்கடி கோயமுத்தூர் வருகிறீர்கள், வழி நெடுக அவர் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனின் ரெக்கார்டுகளைப் போடுகிறார். ஸ்டியரிங்கில் தாளம் தட்டிக்கொண்டு "அடடா" என்கிறார், உங்களுக்கோ ஒருவர் மூச்சுவிடாமல் சாக்ஸபோனில் மேலும் கீழும் ஓடுகிற மாதிரி மட்டும்தான் இருக்கிறது. கேட்டால் "உனக்குக் காது பத்தாதுடா" என்று முடித்துவிடுகிறார். வாசிக்கிறவர்களுக்கு நிஜமாகவே வேறு ஏதாவது கேட்கிறதா, இல்லை சும்மா காட்டிக்கொள்கிறார்களா?

நிஜமாகவே வேறு கேட்கிறது. உங்கள் நண்பர் நடிக்கவில்லை. ஆனால் காது பத்தாது என்று அவர் சொன்னது தப்பு, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு பேர் காதிலும் விழுவது ஒரே சத்தம்தான். அவர் மனசுக்குள் அதே நேரத்தில் இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, ஸ்பீக்கரில் வருவதை அவர் அந்தப் பாட்டின் மேல் வைத்துக் கேட்கிறார். உங்களுக்கு அந்த அடிப்பாட்டை யாரும் தரவில்லை. கோவையில் பல வருசமாகப் பியானோவும் பேஸ் கிடாரும் சொல்லிக்கொடுக்கிறேன், ரிசப்ஷன் மேடைகளிலும் வாசிக்கிறேன், இந்த ஒரு விசயத்தைப் புரிந்துகொண்ட பிறகு ஜாஸ் பக்கம் திரும்பிய ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெரும்பாலான ஜாஸ் ரெக்கார்டுகளில் முதலில் ஒரு மெட்டு வரும். அதற்கு 12 பார், 16 பார், 32 பார் என்று ஒரு நீளம் உண்டு, பார் என்பது தாளத்தின் ஒரு கட்டு, ஒரு பாருக்குப் பெரும்பாலும் நாலு அடி. மெட்டுக்கு அடியில் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகள், ஒரு வரிசையில் போகும். மெட்டு ஒரு தடவை முடிந்ததும் அதை விட்டுவிடுவார்கள், கார்டு வரிசையை மட்டும் விடமாட்டார்கள். அது அதே நீளத்தில் அதே ஒழுங்கில் சுற்றிக்கொண்டே இருக்கும், அதன் மேல் சாக்ஸபோன்காரர் அந்த நிமிசத்தில் தோன்றுவதைப் புதுசாக வாசிப்பார், அப்புறம் பியானோ, சில நேரம் பேஸும் டிரம்ஸும். கடைசியில் மறுபடி மெட்டு வந்து முடியும். பழகிய வாசிப்பாளர் ஒருவரை நடுப்பாட்டில் கொண்டுபோய் விட்டாலும் சுற்றில் எங்கே நிற்கிறோம் என்பதைச் சீக்கிரமே பிடித்துவிடுவார். பிடித்த பிறகு சாக்ஸபோன் வாசிக்கும் ஒவ்வொரு வரியும் அவருக்கு ஏதோ ஒன்றுக்குப் பதிலாகக் கேட்கும். இங்கே கார்டுக்குள் இருக்கிறார், இங்கே வேண்டுமென்றே வெளியே போகிறார், இங்கே ஒரு பார் முன்னாலேயே வந்து காத்திருக்கிறார், இப்படி. அந்தச் சுற்று தெரியாதவருக்கு இவை எல்லாம் ஒரே மாதிரி ஓடும் சுரங்கள்.

நம் பக்கம் அண்ணமார் கதை படிப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள், இல்லாவிட்டாலும் வீட்டுப் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். உடுக்கை அடித்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள். பொன்னர், சங்கர், தங்கை அருக்காணித் தங்கம், கொம்பன் என்கிற அந்தப் பன்றி, கடைசியில் படுகளம். முன்னால் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் கதை தெரியும். பாடுகிறவர் பன்றி வேட்டையை விடியும்வரை இழுத்தாலும் யாரும் திணறுவதில்லை. கதையில் எங்கே நிற்கிறோம் என்பது தெரியும் என்பதால், எதை நீட்டுகிறார், எதைத் தாண்டிப் போகிறார், எந்த இடத்தில் உடுக்கையை நிறுத்தி வசனத்துக்கு இறங்குகிறார் என்பதிலேயே கூட்டம் லயித்துக் கிடக்கும். கதையே தெரியாத வெளியூர்க்காரர் ஒருவரை நடுராத்திரியில் கூட்டிவந்து அங்கே உட்காரவைத்தால் என்ன ஆகும்? உரக்க ஒருவர் ரொம்ப நேரமாக ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. அவருக்குக் காது பத்தவில்லை என்று நாம் சொல்லமாட்டோம், கதை தெரியாது என்போம். காரில் உங்கள் நிலைமை அதுதான்.

ஜாஸில் இந்தக் கதை மறைந்துபோனதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1930களில் அது ஆட்டத்துக்கான இசை, வாசித்த மெட்டுகள் பலவும் ஊரே முணுமுணுத்த பாட்டுகள். அடுத்த பத்தாண்டில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லஸ்பி தலைமுறை வந்தபோது அவர்கள் தெரிந்த பாட்டின் கார்டுகளை வைத்துக்கொண்டு மெட்டை எடுத்துவிட்டார்கள். 1945 நவம்பரில் பார்க்கர் பதிவு செய்த 'கோ கோ' இதற்கு நல்ல உதாரணம். அதற்கு அடியில் ஓடுவது ரே நோபல் 1938ல் எழுதிய 'செரக்கி'யின் கார்டுகள், 64 பார் நீளம். அன்றைக்குப் பதிவான முதல் டேக், அதாவது முதல் தடவை வாசித்துப் பதிந்தது, இப்போதும் கிடைக்கிறது, அதில் அவர்கள் 'செரக்கி' மெட்டையே வாசிக்கத் தொடங்கி நடுவில் நிறுத்திவிடுவது தெளிவாகக் கேட்கும். வெளியே வந்த டேக்கில் அந்த மெட்டு இல்லை, சின்ன முன்னுரை முடிந்ததும் பார்க்கர் நேராகத் தன் கற்பனையில் இறங்கிவிடுகிறார். அதைக் கேட்ட வாசிப்பாளர்கள் மனசுக்குள் 'செரக்கி' ஓடிக்கொண்டே இருந்தது. மற்றவர்களுக்குப் புயல் மாதிரி ஒரு சாக்ஸபோன், அவ்வளவுதான். வாசிப்பவரும் கேட்பவரும் பிரிந்துபோனதை ஒரு ரெக்கார்டில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

உங்கள் நண்பர் காரில் போடுவதில் கோல்ட்ரேனின் 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' கட்டாயம் இருக்கும், கீபோர்டுகாரர்கள் யாரும் அதை விடமாட்டார்கள். 1959 மே மாதம் பதிவானது. நீளம் 16 பார்தான், ஆனால் வேகம் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 290 அடி, ஆக ஒரு சுற்று முடிய 13 வினாடி சொச்சம். அதற்குள் 26 கார்டுகள். அந்தக் கார்டுகள் பி, ஜி, இ ஃபிளாட் என்று மூன்று ஆதார சுருதிகளுக்கு மாறி மாறித் தாவுகின்றன. கீபோர்டில் கருப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து எண்ணினால் ஒன்றுக்கொன்று நாலு நாலு கீ தள்ளி இருப்பவை, மூன்றில் எதுவும் மற்றதற்கு நெருங்கிய சொந்தம் இல்லை.

இங்கே நமக்கென்று ஒரு தனிச் சிரமம் உண்டு. நம் இசையில் ச எங்கேயும் போகாது. கச்சேரி தொடங்கும்போது தம்புரா எந்தச் சுருதியில் நின்றதோ மங்களம் வரை அதே சுருதிதான், கோயிலில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுவதும் அதற்காகத்தான். வித்வான் ஒருவர் கிரக பேதம் செய்து ச-வை ஓரிரு நிமிடம் நகர்த்திக் காட்டினால் சபையே கைதட்டுகிறது. 'ஜயண்ட் ஸ்டெப்ஸி'ல் ச ஒன்றிரண்டு வினாடிக்கு ஒருமுறை இடம் மாறுகிறது. முதலில் வந்த ச-வைப் பிடித்துக்கொண்டு நிற்கிற காதுக்கு அதற்கப்புறம் வருவது பாதிக்கு மேல் அபசுரமாகத்தான் படும். என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளில் பாட்டு நன்றாகக் கற்றவர்களுக்குத்தான் இது அதிகமாகக் குத்துகிறது. ஒரு பெண் பத்து வினாடி கேட்டுவிட்டு, "ஏனுங் சார், இவரு சுருதியே சேர்க்காம ஊதறாரே?" என்றாள். அவள் காது ரொம்பக் கூர்மை, அதனால்தான் அப்படிக் கேட்டாள். பியானோவில் அடிக் கார்டை நான் வாசிக்க, அதே இடத்தில் சாக்ஸபோன் வரியை மெதுவாகப் பாடச் சொன்னேன். ஒவ்வொரு சுரமும் சேர்ந்து நின்றது. "சேருதுங் சார்" என்று மெதுவாகச் சொன்னாள்.

வாசிப்பவர்களுக்கே இது லேசு இல்லை. அந்தப் பதிவில் பியானோ வாசித்த டாமி ஃப்ளானகன் பெரிய கலைஞர், கோல்ட்ரேன் முடித்து அவர் முறை வந்ததும் வரி விட்டுவிட்டு வருகிறது, கொஞ்ச நேரத்தில் வெறும் கார்டுகளாகச் சுருங்கிவிடுகிறது. சாதாரணமாகக் கேட்பவருக்கு அந்த இடம் 'அப்பாடா, கொஞ்சம் அமைதி' என்று இருக்கும். பியானோ தெரிந்தவருக்கு அங்கே வயிறு கலங்கும், ஏனென்றால் அந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஃப்ளானகன் 1982ல் அதே பாட்டை மறுபடி பதிவு செய்தார், சரளமாக. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், இதற்குத் தியரி எதுவும் தேவையில்லை.

சரி, காருக்கு வருவோம். யாரும் அவ்வளவாகச் சொல்லாத ஒரு காரணம் இதில் இருக்கிறது. நான் சொன்ன அந்தச் சுற்றை, அடிப்பாட்டை, விடாமல் கொண்டுபோவது பேஸ். சாக்ஸபோன் எங்கே போனாலும் 'இப்போது இந்தக் கார்டு, அடுத்து இது' என்று ஒவ்வோர் அடியாகச் சொல்லிக்கொண்டே நடப்பது அந்த டபுள் பேஸ்தான். அதன் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலிக்கும். போன் ஸ்பீக்கரில் அந்த அடிச்சுரம் வரவே வராது. காரில் டயர் சத்தமும் ஏசி இரைச்சலும் போய் உட்காருவது அதே இடத்தில்தான், பழைய ரெக்கார்டுகளில் பேஸ் வேறு பின்னால் தள்ளித்தான் இருக்கும். உங்கள் நண்பருக்குப் பேஸ் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, அவர் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்கிறார். உங்களுக்கு மேல்வரி மட்டும் வந்து சேருகிறது. அதை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நல்ல ஹெட்போன் ஒன்று போட்டுக்கொண்டு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, சாக்ஸபோனை மறந்துவிட்டு பேஸ் பின்னாலேயே போங்கள். ஜாஸ் பிடிக்கவில்லை என்று சொல்லும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான், பலருக்கு இதிலேயே பாதிக் கதவு திறந்துவிடுகிறது.

வாசிப்பவர் கேட்பதில் இன்னொன்று, அவர் உடம்பும் சேர்ந்து கேட்கிறது. பியானோ வாசிப்பவருக்குப் பியானோ கேட்டால் விரல் அசையும். சாக்ஸபோன் ஊதுபவர் அந்த வரிக்கு மூச்சை எங்கே எடுத்திருப்பார் என்று தன் நெஞ்சிலேயே உணர்வார், கோல்ட்ரேன் ஒரே ஊதில் இரண்டு மூன்று சுரத்தைச் சேர்த்து எழுப்பும்போது உதட்டை எப்படிப் பிடித்தார் என்று யோசிப்பார். 2012ல் டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் வூஸ்ட்டும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சிறு சிறு மாற்றங்கள் நுழைக்கப்பட்ட இசையைக் கேட்கவைத்து மூளையின் எதிர்வினையை அளந்தார்கள். கவனம் செலுத்தாமலேயே மூளை எழுப்பும் எதிர்வினை அது. கிளாசிக்கல், ராக் வாசிப்பவர்களையும் இசை கற்காதவர்களையும்விட ஜாஸ் வாசிப்பவர்களிடம் அது பெரிதாக இருந்தது. பயிற்சி உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது என்பதற்கு இது போதும்.

ஆனால் 'வாசிப்பவர்' என்று ஒரே கூட்டமாகச் சொல்வதும் சரியில்லை. ஒருமுறை பயிற்சிக் கூடத்தில் கோல்ட்ரேனின் 'மை ஃபேவரிட் திங்ஸ்' ஓடிக்கொண்டிருந்தது. மாணவர் ஒருவரின் மாமா தவில் வாசிப்பவர், பையனைக் கூட்டிப்போக வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சாக்ஸபோன் பக்கம் அவர் போகவே இல்லை. தொடையில் விரலால் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர், "தம்பி, கொட்டறது ஆரு? திஸ்ரத்துல போய்க்கிட்டே உள்ளுக்குள்ள ரெண்டு ரெண்டாக் குத்தறாப்ல பாருங்க" என்றார். கொட்டியவர் கோல்ட்ரேனின் டிரம்மர் எல்வின் ஜோன்ஸ். ஜாஸ் டிரம்மர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கும் விசயம் அது, மூன்றின் மேல் இரண்டை ஏற்றிவைத்து எது அடிப்படை என்று தெரியாமல் புரளவிடுவது. ஜாஸ் என்ற பேரையே அன்றுதான் கேட்டாரோ என்னவோ, தவில்காரருக்கு அது அரை நிமிசத்தில் கிடைத்துவிட்டது. கூடவே இருந்த கிடார் பையன்கள் கார்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், டிரம்ஸ் பக்கம் அவர்கள் காது போகவே இல்லை.

இது நமக்கு நல்ல சேதி. தாளத்தில் கொங்கு நாட்டுக் காதுக்கு ஒரு குறையும் இல்லை. நோம்பிக்கு நோம்பி பம்பையும் ஜமாப்பும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், வள்ளி கும்மியில் நூற்றுக்கணக்கான பேர் ஒரே அடியில் கால் மாற்றி வைப்பதைப் பார்த்தவர்கள். 1959ல் வந்த 'டேக் ஃபைவ்' என்ற ஜாஸ் பாட்டு ஐந்தடித் தாளத்தில் போகிறது என்பதை மேற்கத்திய உலகம் பெரிய புதுமையாகப் பேசியது. ஐந்தெண்ணிக்கைக் கண்டத்தைக் கேட்டுப் பழகிய நமக்கு அது வீட்டுக்குள் நடக்கிற மாதிரி. அமெரிக்காவில்கூட அது 1961ல் பாட்டுப் பட்டியலில் ஏறும் அளவுக்கு ஓடியது, வாங்கியவர்கள் ஐந்து எண்ணிக்கொண்டா கேட்டிருப்பார்கள்? 'சிக்கலான இசை' என்று வாசிப்பவர்கள் சொல்வதும் கேட்பவருக்குச் சிரமமாக இருப்பதும் பல நேரம் வேறு வேறு இடங்கள்.

வாசிப்பவர் கேட்காமல் விடுவதையும் சொல்லியாக வேண்டும். கார்டு பெயர் சொல்லப் பழகிய காது சில நேரம் பெயரை மட்டும்தான் கேட்கிறது. அந்த சாக்ஸபோனின் குரல் கரகரப்பாக இருக்கிறதா, அழுகிற மாதிரி இருக்கிறதா, யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதா என்பதை என் மாணவர்களைவிட அவர்களைக் கூப்பிட வரும் அம்மாக்கள் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். பயிற்சியால் வாசிப்பவருக்கு ஒரு சட்டகம் கிடைக்கிறது, அந்தச் சட்டகத்துக்குள் வராத ஒன்று வந்தால் அவர்தான் முதலில் கோபப்படுகிறார். 1959 நவம்பரில் ஆர்னெட் கோல்மன் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கஃபேக்கு வந்தபோது நடந்தது இதுதான். கையில் வெள்ளைப் பிளாஸ்டிக் ஆல்டோ சாக்ஸபோன், பேண்டில் பியானோ கிடையாது, நான் மேலே விவரித்த அந்தக் கார்டுச் சுற்றும் கிடையாது. ஊரில் இருந்த பெரிய வாசிப்பாளர்கள் எல்லாம் கேட்க வந்தார்கள், இரண்டாகப் பிரிந்தார்கள். இசையமைப்பாளர் லெனார்ட் பெர்ன்ஸ்டீனும் மாடர்ன் ஜாஸ் குவார்டெட்டின் ஜான் லூயிஸும் கொண்டாடினார்கள். டிரம்பெட் மேதை ராய் எல்ட்ரிட்ஜ் ஏமாற்று என்றே நினைத்தார், இன்னொரு டிரம்பெட் கலைஞரான மைல்ஸ் டேவிஸும் கடுமையாகத்தான் பேசினார். காது பத்தாதவர்கள் என்று இவர்களில் யாரைச் சொல்வது? அவர்கள் எல்லோரும் அடிப்பாட்டைத் தேடினார்கள், கோல்மனிடம் அது அந்த வடிவத்தில் இல்லை.

இன்னும் நெருக்கமான சாட்சி வேண்டுமென்றால் மெக்காய் டைனர். கோல்ட்ரேனுக்குப் பக்கத்திலேயே வருடக்கணக்கில் பியானோ வாசித்தவர், அந்த இசையைப் பாதி கட்டியவரே அவர்தான் என்பேன். 1965 ஜூனில் கோல்ட்ரேனின் 'அசென்ஷன்' பதிவானது, பதினோரு பேர் சேர்ந்து. அதற்குப் பின் கோல்ட்ரேன் இன்னும் அடர்த்தியான பக்கம் போகப் போக, மேடையில் தன் பியானோ தனக்கே கேட்கவில்லை, வெறும் சத்தம்தான் கேட்டது என்று டைனர் பின்னாளில் சொன்னார். அந்த வருசக் கடைசியில் விலகினார், சில வாரத்தில் எல்வின் ஜோன்ஸும் விலகினார். உங்களுக்குக் காரில் தோன்றியதும் டைனருக்கு மேடையில் தோன்றியதும் ஒன்றே என்று சொல்லமாட்டேன், அவர் எதை விட்டு விலகுகிறார் என்பதை முழுக்கத் தெரிந்து விலகினார். ஆனாலும் 'வாசிக்கத் தெரிந்தால் எல்லாம் புரியும்' என்ற பேச்சு அங்கே நிற்கவில்லை, பாருங்கள். இந்த வகை இசையில் வாசிப்பவரும் கேட்பவரும் கிட்டத்தட்ட ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு 'அசென்ஷன்' முழுசாக உட்கார்ந்து கேட்க இன்றைக்கும் உடம்பில் தெம்பு வேண்டும், அதைப் பெரிய படைப்பு என்று நினைக்கிறவன்தான் நான்.

இரண்டு விதமான கேட்பும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைக் காட்டும் ரெக்கார்டு கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்'. 1964 டிசம்பர் 9ல் பதிவானது. முதல் பகுதியின் தொடக்கத்தில் காங் மணி ஓசை ஒன்று, சாக்ஸபோன் சின்னதாக அழைக்கிறது, அப்புறம் ஜிம்மி கேரிஸனின் பேஸ் நாலே சுரத்தைச் சொல்லத் தொடங்குகிறது. எஃப் சுரத்தை ச என்று வைத்துக்கொண்டால் அது ச க ச ம, கரகரப்பிரியாவில் வருகிற அந்தக் காந்தாரம். வாய்விட்டுப் பாடிப் பாருங்கள், ஒரு நிமிசத்தில் வந்துவிடும். இதுதான் அந்தப் பகுதி முழுமைக்கும் அடிப்பாட்டு, நாலு சுரம். கோல்ட்ரேன் நீளமாக வாசித்துவிட்டுப் பின்பாதியில் இந்த நாலு சுரத்தைப் பிடித்துக்கொள்கிறார், அதை இடம் மாற்றி இடம் மாற்றி, பன்னிரண்டு சுருதியிலும் வைத்து வாசிக்கிறார். கீழே பேஸ் அதற்கெல்லாம் கூட வரவில்லை, ஒன்றோடொன்று உரசுகிறது. வாசிக்கத் தெரிந்தவர் 'பன்னிரண்டு கீயிலும் போகிறார்' என்று எண்ணுவார். எண்ணத் தெரியாதவருக்கு, ஒருவர் ஒரே வார்த்தையை எல்லாத் திசையிலும் போய்ச் சொல்லிப் பார்க்கிறார் என்று தோன்றும். இரண்டும் ஒன்றுதான், சொல்லப்போனால் இரண்டாவது ஆள் கோல்ட்ரேன் நினைத்ததற்கு இன்னும் கிட்ட இருக்கிறார். அப்புறம் சாக்ஸபோன் நின்று மனிதக் குரல் வருகிறது, அதே நாலு சுரத்தில் ரெக்கார்டின் பெயரையே ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டு. அதுவரை நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தது இந்த நாலு அசைதான் என்பது அங்கே வெளிச்சமாகிவிடும்.

கடைசிப் பகுதியான 'சாம்' (துதிப்பாட்டு என்று பொருள்) இன்னும் விசேசம். கோல்ட்ரேன் எழுதிய பிரார்த்தனைக் கவிதை ஒன்று ரெக்கார்டு உறையில் அச்சிடப்பட்டிருக்கிறது, அந்தப் பகுதியில் அவர் சாக்ஸபோனில் வாசிப்பது அந்தக் கவிதையின் சொற்களைத்தான், அசை அசையாக. உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் வரி வரியாகக் கூடவே படித்துக்கொண்டு போகலாம். சாகித்தியத்தை நாதஸ்வரத்தில் கேட்டு, வாய்க்குள் சொல்லைச் சொல்லிக்கொண்டே பழகிய ஊர் இது. இந்தப் பகுதி நமக்கு அந்நியமாக இருக்க ஒரு நியாயமும் இல்லை.

இனி என்ன செய்யலாம் என்று கேட்டால், 'ஜயண்ட் ஸ்டெப்ஸை'க் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். மைல்ஸ் டேவிஸின் 'சோ வாட்' எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் 1959தான், 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் பாட்டு. இதில் ச ஓடாது. 16 பார் ஒரே இடத்தில் நிற்கும், அடுத்த 8 பார் அப்படியே அரைச் சுரம் மேலே ஏறும், கடைசி 8 பார் பழைய இடத்துக்கு இறங்கும், சேர்த்து 32 பார், கிட்டத்தட்ட ஒரு நிமிடம். மெட்டைச் சொல்வதே பேஸ்தான், அதற்குப் பியானோவும் ஊதுகுழல்களும் இரண்டு கார்டில் பதில் சொல்லும். மெட்டு முடிந்து டிரம்பெட் தொடங்கியதும் அதன் வரியை விட்டுவிட்டு, அந்த அரைச் சுர ஏற்றம் எப்போது வருகிறது என்று மட்டும் காத்திருங்கள். முதல் சுற்றில் தப்பிவிடும். இரண்டாவது மூன்றாவது சுற்றில் பிடிபட்டுவிடும், அப்புறம் அது வருவதற்கு ஒரு கணம் முன்னாலேயே உடம்பு அதை எதிர்பார்க்கத் தொடங்கும். உங்கள் நண்பர் ஸ்டியரிங்கில் தட்டும்போது அவருக்கு உள்ளே நடப்பது இதே எதிர்பார்ப்புதான், அவருக்கு அது வேகமாகவும் நிறையவும் நடக்கிறது, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் 'மை ஃபேவரிட் திங்ஸ்'. ஆனால் முதலில் அசல் பாட்டை, 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'கில் வருவதை, வாயில் வரும்வரை கேட்டுவிட்டுக் கோல்ட்ரேனின் 1960 பதிவுக்குப் போங்கள். 13 நிமிடத்துக்கு மேல் போகும், பெரும்பகுதி ஒரே ஆதாரத்தின் மேல் விரிவது, நம் ஆலாபனைக் காதுக்கு ரொம்பப் பக்கம். கோல்ட்ரேன் ரவிசங்கரின் இசையில் ஆழ்ந்து கிடந்தவர், 1965ல் பிறந்த மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தார். ஆர்னெட் கோல்மனிடம் போகத் தோன்றினால் 'லோன்லி வுமன்' ஒன்று போதும். அதில் சுற்றைத் தேட வேண்டாம், ஒப்பாரி கேட்கிற மாதிரி கேளுங்கள். எரிக் டால்ஃபியின் 'அவுட் டு லஞ்ச்' 1964ல் பதிவானது, அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதில் டிரம்ஸ் வாசித்த டோனி வில்லியம்ஸுக்கு வயது 18தான், அந்த ஒரு காரணத்துக்காகவே ஒருநாள் திரும்பிப் போவீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் அது முழு நியாயமான தீர்ப்பு, நண்பரிடம் தைரியமாகச் சொல்லலாம். சுற்று தெரிந்து, பேஸ் கேட்டு, அப்புறமும் இது எனக்கு வேண்டாம் என்பது வேறு. இப்போது நீங்கள் சொல்வது அது இல்லை, கதை சொல்லப்படாமல் நடுராத்திரியில் கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறார்கள். அந்தப் பொறுப்பு அவருடையது. அடுத்த தடவை காரில் ஏறும்போது, "போடறதுக்கு முன்னாடி மெட்டை ஒருதடவை பாடிக் காட்டு, எத்தன பார்னு சொல்லு" என்று கேளுங்கள். நல்ல வாசிப்பாளர் சந்தோசமாகப் பாடிக் காட்டுவார்.

ஜாஸ் கேட்பதற்காகக் கீபோர்டு கிளாஸ் சேரலாமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஆசை இருந்தால் சேருங்கள், கேட்பதற்கு மட்டும் என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நண்பரிடம் 12 பார் ப்ளூஸுக்கு இடது கையில் பேஸ் மட்டும் வாசிக்கச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள், மூன்றே கார்டு, ஓரிரு வாரத்தில் கை பழகிவிடும். பார்க்கர், பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க், கோல்ட்ரேன், கோல்மன் எல்லோரும் ப்ளூஸ் வாசித்திருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு பார் கைக்கு வந்தபின் அவர்களின் ப்ளூஸ் பதிவு எதைப் போட்டாலும், சாக்ஸபோன் எங்கே சுற்றினாலும் அடுத்த முதல் பார் எப்போது வரும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.